மேற்பார்வை மட்டும்

அக்கா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் காரியம் இவ்வளவு சுத்தமாக முடிந்திருக்காது. கெட்டவர்கள் எங்கேயாவது அவசரப்பட்டுத் தங்கள் குட்டைத் தாங்களே உடைத்துக்கொள்வார்கள். அக்கா அவசரப்படுகிறவள் அல்ல. எந்தப் படிவம் வந்தாலும் நட்சத்திரக் குறி போட்ட பொடி எழுத்துவரை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பாள்.

புருஷன் பிளம்பிங் கான்ட்ராக்டர். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். ஒரு மேசை, ஒரு பிரின்டர், சுவரோரமாகப் பெட்டி பெட்டியாக வால்வும் பைப் மூட்டுகளும். பைப்பும் மெஷினும் அவர் பொறுப்பு, காகிதம் அக்கா பொறுப்பு. அந்தக் காகிதங்களிலும் இன்சூரன்ஸ் காகிதம் என்றால் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காருவாள். பிளம்பர் செய்த தப்பால் அடுத்தவன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் அந்த நஷ்டத்தைக் கம்பெனி கொடுக்கும் என்கிற காகிதம் அது. அது கையில் இல்லாத கான்ட்ராக்டரை எந்தக் கட்டடத்திலும் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள்.

அந்தப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு. உரிமையாளர் தானே கருவிகளைப் பிடித்து வேலை செய்கிறாரா, அல்லது மேற்பார்வை மட்டுமா? கருவி பிடிக்கிற ஒவ்வொரு கைக்கும் பிரீமியம் ஏறும். மேற்பார்வைக்கு ஏறாது. அதனால் அக்கா வருஷா வருஷம் 'மேற்பார்வை மட்டும்' என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக் போடுவாள். ஊரில் பாதிக் கான்ட்ராக்டர் வீடுகளில் அந்த டிக் அப்படித்தான் விழுகிறது. ஆனால் கான்ட்ராக்டருக்கு ஒரு மெஷின் தரையில் சும்மா கிடப்பதைப் பார்த்தால் பொறுக்காது. தூக்கிக்கொண்டு எங்கேயாவது ஒரு மூலைக்குள் புகுந்துவிடுவார். மேற்பார்வை என்கிற வார்த்தை அவர் தொப்பைக்கு வேண்டுமானால் பொருந்தும், அவருக்குப் பொருந்தாது.

கருவி பிடிப்பவர்கள் என்று படிவத்தில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் எந்தச் சுவரைக் கண்டாலும் முதுகைக் கொடுத்துவிடுகிற பழைய ஆள். எல்லாரும் அவரைச் சாய்மானம் என்றே கூப்பிடுவார்கள். இன்னொருவன் அக்காவின் கூடப் பிறந்த தம்பி.

தம்பிக்கு வயது முப்பத்தொன்று. பதினொரு வருஷமாக மாமாவிடம் வேலை. வேலை என்றால் அப்படியொரு வேலை. அவன் கை பட்ட மூட்டில் ஒரு சொட்டு கசிந்ததாகச் சரித்திரம் இல்லை. கான்ட்ராக்டர் பரீட்சையும் பாஸ் செய்துவிட்டான். சொந்தப் பேரில் லைசென்ஸ் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. பழைய வேன் ஒன்றை வாங்கி வெள்ளை அடித்து, பக்கவாட்டில் பேர் எழுத இடம் விட்டு வைத்திருந்தான். எழுத்து எந்த நிறம் என்பதில் மட்டும் ஆறு மாதமாக முடிவுக்கு வரவில்லை. நீலமா பச்சையா என்று அக்காவைக் கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்குவான்.

இப்போது பைப்பைப் பற்றி நாலு வரி. இந்தக் காலத்துச் செப்புப் பைப்புக்குப் பற்றவைப்பு கிடையாது. மூட்டுக்குள் பைப்பைச் சொருகி, பிரஸ் மெஷினின் தாடையை வைத்துப் பித்தானை அழுத்தினால், உலோகம் நசுங்கிக் கவ்விக்கொள்ளும். ஆட்கள் அதைக் 'கடி' என்பார்கள். கடி வைத்ததும் மார்க்கர் பேனாவால் மூட்டின் மேல் ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இதுதான் முறை. கான்ட்ராக்டர் முறையே தனி. முதலில் எல்லா மூட்டுக்கும் சரசரவென்று கோடு போட்டுக்கொண்டே போவார். பிறகு மெஷினைத் தூக்கி ஒரே ஓட்டமாகக் கடி வைப்பார். கேட்டால், நேரம் மிச்சம் என்பார்.

"மாமா, கடி வெச்சப்புறம் கோடு போடுங்க, ஒண்ணு விட்டுப்போச்சுன்னா தெரியாது" என்று தம்பி பலமுறை சொல்லியிருக்கிறான்.

"எனக்கே பாடம் எடுக்கறியா மச்சான்? நான் கண்ண மூடிட்டு வெச்சாலும் கடி விழும்டா" என்பார் அவர்.

நான்கு மாடிக் கட்டடம். நாலாவது மாடி வீட்டில் தம்பி சமையலறைப் பக்கம். கான்ட்ராக்டர் குளியலறைப் பக்கம். சாய்மானம் அன்றைக்கு இடுப்புப் பிடிப்பு என்று லீவு. குளியலறையில் எல்லா மூட்டுக்கும் கோடு விழுந்தாயிற்று. கடி வைத்துக்கொண்டு வருகிறார். அப்போது போன் அடித்தது. பேசியவள் அக்கா. இன்சூரன்ஸ் படிவத்துக்கு அன்றுதான் கடைசி நாள், சாய்மானத்தின் உண்மையான பேர் அவளுக்கு மறந்துவிட்டது.

"இரு, இன்னும் ரெண்டு ஜாயின்ட் கெடக்கு, முடிச்சுட்டுக் கூப்பிடறேன்."

"ரெண்டு ஜாயின்ட் எங்கயும் ஓடிடாது. ஆபீஸ் மூடறதுக்குள்ள அனுப்பணும். மொதல்ல பேரச் சொல்லுங்க."

சிக்னல் கிடைக்கவில்லை என்று அவர் வராந்தாவுக்குப் போனார். பேரைச் சொன்னார். அப்படியே வேறு இரண்டு விஷயமும் பேசினார்கள். திரும்பி வந்து பார்த்தால் எல்லா மூட்டிலும் கோடு இருந்தது. மெஷினைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். ஏறக்குறைய அதே நிமிஷத்தில்தான் அக்கா இங்கே 'மேற்பார்வை மட்டும்' கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டிருந்தாள்.

கடி விழாத மூட்டு உடனே காட்டிக்கொடுத்துவிடாது. உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் பிடித்துக்கொள்ளும். மறுநாள் தண்ணீர் ஏற்றிச் சோதித்தார்கள், ஒரு சொட்டும் கசியவில்லை. சுவரை மூடினார்கள், டைல்ஸ் ஒட்டினார்கள், வீட்டுக்காரர் குடிவந்தார். அந்த இரண்டு மூட்டும் ஒன்பது மாதம் பொறுத்துக்கொண்டன. வீட்டுக்காரர் வெளியூர் போயிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் அதில் ஒன்று கழன்றுகொண்டது.

நேர் கீழே மூன்றாம் மாடியில் பல் டாக்டரின் கிளினிக். சனியும் ஞாயிறும் விடுமுறை. இரண்டு நாள் கொட்டியது. திங்கட்கிழமை டாக்டர் கதவைத் திறந்தபோது கூரைப் பலகை மொத்தமும் இறங்கி நோயாளி நாற்காலிகளின் மேல் படுத்திருந்தது. எக்ஸ்ரே மெஷின் ஊறிப்போயிருந்தது. அலமாரியில் வரிசையாக வைத்திருந்த பல் அச்சுகள், யார் யார் வாய்க்கோ எடுத்தவை, தரையில் கூழாகிக் கிடந்தன. அந்தக் கூழின் நடுவே நின்றுகொண்டு டாக்டர் கான்ட்ராக்டருக்குப் போன் செய்தார். ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசவில்லை. வக்கீல் பேரை மட்டும் சொன்னார்.

கான்ட்ராக்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இன்சூரன்ஸ் கொடுக்காவிட்டால் வீடு போய்விடும். வீடு போனால் ஆபீஸும் சேர்ந்தே போகும்.

கம்பெனி அனுப்பிய சர்வேயர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். சுவரை உடைத்து, கழன்ற மூட்டை வெட்டி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கான்ட்ராக்டரும் அக்காவும் பக்கத்தில் நின்றார்கள்.

"கோடு இருக்கு. கடி இல்ல" என்றார் சர்வேயர். "இந்த பாத்ரூம்ல வேலை செஞ்சது யாரு?"

கான்ட்ராக்டர் வாயைத் திறப்பதற்குள், அவர் முகம் போன போக்கிலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"என் மச்சான்" என்றார் கான்ட்ராக்டர்.

"லிஸ்ட்ல இருக்காரா?"

"இருக்கான் சார். மொதல் பேரே அவன்தான்."

"அப்ப சரி. லிஸ்ட்ல இல்லாதவங்க கை வெச்சிருந்தா கம்பெனி கை விரிச்சிடும். திங்கக்கெழம வரேன். அவர் கைப்பட ஒரு வாக்குமூலம் வேணும்." மூட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுச் சீட்டு ஒட்டினார். அவர் நம்பினாரா இல்லையா என்று கேட்டால், அது அவர் வேலை இல்லை. அவருக்கு வேண்டியது பட்டியலில் இருக்கிற ஒரு பேர்.

திரும்பி வரும்போது காரில் கான்ட்ராக்டர் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். போன் வந்தது, இரண்டு மூட்டு பாக்கி, கோட்டைப் பார்த்து ஏமாந்தது, எல்லாம். "நீ அந்த நேரம் பாத்துக் கூப்பிட்ட" என்று முடித்தார். வீட்டுக்கு வந்ததும் அக்கா பாலிசியை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பதினேழாம் பக்கத்தில் இருந்தது. தப்பு செய்ததாக ஒப்புக்கொண்ட பணியாளரின் பேர் பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவேட்டை எந்தக் கம்பெனியும் பார்க்கலாம். அவரை வேலைக்கு வைப்பவருக்கும், அவரே கான்ட்ராக்டர் ஆனால் அவருக்கும், காப்பீடு மறுக்கப்படலாம். அக்கா அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தாள். புரியாமல் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பியை வரவழைத்துச் சாப்பாடு போட்டாள். சாப்பிட்டு முடித்து அவன் வெட்டிய பழத்தை எடுத்து வாயில் போட்டபோதுதான் ஆரம்பித்தாள்.

"உன் பேரக் கொஞ்சம் கொடுக்கணும்டா."

விஷயத்தைச் சொன்னாள். தம்பி சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"நான் கிச்சன் பக்கம்ல இருந்தேன்? பாத்ரூம் மாமாதானே பண்ணாரு?"

"யாரு இல்லன்னா? ஆனா மாமா மெஷினத் தொட்டார்னு தெரிஞ்சா கம்பெனி ஒத்தப் பைசா கொடுக்காது. நான் மேற்பார்வைன்னு எழுதிருக்கேன். உன் பேர்னா கொடுத்துடுவாங்க. வேலைல தப்பு வர்றது சகஜம்தானே, அதுக்குத்தானே இன்சூரன்ஸ்."

"இல்லக்கா, கடி வெக்காம விட்டேன்னா எழுதறது? நானா?" நஷ்டம் யாருடையது என்பதைவிட, கடி வைக்காமல் விட்டவன் என்கிற பேர் அவனை உறுத்தியது.

"பேருக்குத்தான்டா. யார் படிக்கப் போறா?"

கான்ட்ராக்டர் மூலையில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"என் லைசென்சுக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

பதினேழாம் பக்கம் மேசை டிராயரில்தான் இருந்தது. அக்கா கையை நீட்டித் தம்பியின் தலையைத் தடவினாள்.

"ஒண்ணும் ஆகாது. நான் முழுசாப் படிச்சுட்டேன். அக்கா உனக்குக் கெடுதல் பண்ணுவேனா?"

இந்த இடத்தில் எனக்கு அவளை அறையலாம் போலிருக்கிறது. ஆனால் அவள் கண்ணில் அப்போது நிஜமாகவே தண்ணீர் இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

திங்கட்கிழமை காலை சர்வேயர் வந்து மேசை முன் உட்கார்ந்தார். தம்பி பேனாவைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை எழுதுகிறவன் மாதிரி குனிந்திருந்தான். குளியலறை இணைப்புகளைச் செய்தது நான் என்று எழுதினான். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"ஏன் கடி வெக்கல? காரணம் எழுதணும்" என்றார் சர்வேயர்.

செய்யாத தப்புக்குக் காரணம் எங்கே போய்த் தேடுவது? "கவனக்குறைவுன்னு எழுதுடா" என்று அக்கா எடுத்துக்கொடுத்தாள். அந்த வார்த்தை எழுத அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

இவ்வளவோடு விட்டிருக்கலாம். ஆனால் கான்ட்ராக்டருக்குள் திடீரென்று ஒரு நடிகர் எழுந்துவிட்டார்.

"எத்தனை தடவ சொல்லிருக்கேன் சார்! கடி வெச்சப்புறம் கோடு போடுறா, கோடு போட்டுட்டுக் கடி வெக்காதடான்னு தலபாடா அடிச்சுக்கறேன். கேட்டாத்தானே? பாஸ் பண்ணிட்டான்ல, தல கனம். மூஞ்சப் பாருங்க, கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?"

தம்பி தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தான். மாமா நிறுத்தவில்லை. அந்த மூன்று நிமிஷத்தில் அவரே நம்பிவிட்டார், நரம்பு புடைத்துக் குரல் கம்மியது. சர்வேயர்கூடச் சங்கடப்பட்டு, "விடுங்க சார், அவரும் மனுஷன்தானே" என்றார். தம்பி கையெழுத்துப் போட்டான். அக்கா காகிதத்தை வாங்கி, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

கம்பெனி கொடுத்தது. டாக்டருக்குப் புது நாற்காலிகள் வந்தன. இரண்டு மாதம் கழித்துப் புதுப்பிப்புக் கடிதமும் வந்தது. பாலிசி தொடரலாம், ஒரே ஒரு நிபந்தனை. மேற்படி பணியாளர் இனி இவர்களின் எந்தப் பணியிடத்திலும் கால் வைக்கக் கூடாது.

"கொஞ்ச நாளைக்குத்தான்டா" என்றாள் அக்கா. பட்டியலில் அவன் பேரை அழித்து, சாய்மானத்தின் பேரை மேலே ஏற்றினாள்.

தம்பி லைசென்சுக்கு எழுதிப்போட்டான். காப்பீட்டுச் சான்று கேட்டார்கள். நாலு கம்பெனிகள் ஏறி இறங்கினான். நாலிலும் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கை விரித்தார்கள். வேறு கான்ட்ராக்டர்களிடம் போனான். அவர்களுக்கு அவன் வேலை தெரியும், ஆசையாகத்தான் கூப்பிட்டார்கள். பேரைப் படிவத்தில் எழுதியதும் பிரீமியம் எகிறியது. "நீ நல்ல வேலைக்காரன்தான்பா, ஆனா அந்த ஜாயின்ட விட்டுட்டியே" என்று முதுகில் தட்டி அனுப்பினார்கள். வேனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். எழுத்து நீலமா பச்சையா என்கிற கேள்வி அத்தோடு தீர்ந்தது. ஒரு டைல்ஸ் கடைக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது, அதற்கு யாரும் காப்பீடு கேட்பதில்லை.

கான்ட்ராக்டருக்கு வேலை பெருகியது. புது ஆட்கள் சேர்ந்தால் அவர்களை உட்காரவைத்து முதல் பாடமாக அந்தக் கதையைச் சொல்வார். "எனக்கு ஒரு மச்சான் இருந்தான். கை நல்ல கை. கவனம்தான் கெடையாது." சொல்லச் சொல்லக் கதையில் புதுப் புது விவரங்கள் சேர்ந்தன. தம்பி அன்று போனில் விளையாடிக்கொண்டிருந்தான் என்பதும் அதில் ஒன்று. அக்கா பக்கத்தறையில் பிரின்டருக்குக் காகிதம் அடுக்கிக்கொண்டே அதைக் கேட்பாள். ஒருநாளும் திருத்தியதில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் தம்பி வந்தான். இளைத்திருந்தான். உள்ளே மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பி உள்ளே போகாமல் ஆபீஸ் மேசைக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளு."

"அந்த ஜாயின்ட நான்தான் விட்டுட்டேனோ?"

குத்திக்காட்டுகிறான் என்று அக்கா முதலில் நினைத்தாள். முகத்தைப் பார்த்தாள். அவனுக்குக் குத்திக்காட்டத் தெரியாது.

"எல்லாரும் அதையே சொல்றாங்களா, நானும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். மாமா போன் பேச வெளிய போனார்ல? அப்ப நான் மார்க்கர் எடுக்க பாத்ரூமுக்குள்ள போனேன். மெஷின் தரையில கெடந்துச்சு, ஓரமா நகத்தி வெச்சேன். அது ஞாபகம் இருக்கு. போறப்ப மாமா 'மிச்சத்த முடிச்சிடுடா'ன்னு சொல்லிட்டுப் போனாரோ? நான் தலையாட்டிட்டு மறந்துட்டேனோ? ஒரு நாள் சொன்னாருன்னு தோணுது. ஒரு நாள் சொல்லவே இல்லன்னு தோணுது. கிடங்குல பெட்டி எண்ணும்போதுகூட அதான்கா ஓடுது, எண்ணிக்கை தப்பிடுது. ஒரு நாள் என் கையையே பாத்துட்டு நின்னுட்டேன்."

அக்கா பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினாள்.

"மாமா உன்கிட்ட சொல்லிருப்பாருல்ல. யாருன்னு மட்டும் சொல்லு. நான் யாரோடயும் சண்டைக்குப் போக மாட்டேன். கம்பெனிக்கும் போக மாட்டேன். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

நீ இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் தம்பி பிழைத்துக்கொள்வான், அது அவளுக்குத் தெரியும். சண்டைக்குப் போக மாட்டான், அதுவும் தெரியும். ஆனால் தெரிந்தவன் ஒருநாள் எழுதிக் கொடு என்று கேட்கலாம். கேட்காவிட்டாலும், வந்து இப்படி எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்ப்பான். வருஷம் முழுக்க, வாழ்நாள் முழுக்கப் பார்ப்பான். பாசம் இல்லாமல் இல்லை, பாசம் நெஞ்சை அடைத்துக்கொண்டுதான் வந்தது. அதற்கு மேலாகப் பயம் வந்தது.

"மாமா உன்கிட்ட சொல்லிட்டுத்தான்டா போனாரு" என்றாள். "போன்ல என் காதாலயே கேட்டேன்."

தம்பி நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

"அப்பாடா" என்றான். "அப்ப நான்தான். இதச் சொல்லிருந்தா ஒரு வருஷம் நிம்மதியா இருந்திருப்பேனேக்கா. மாமாவ மனசுக்குள்ள எவ்வளவு திட்டிருக்கேன் தெரியுமா?"

எழுந்து உள்ளே போனான். அக்கா பின்னாலேயே வாசற்படி வரை போனாள். மேற்கொண்டு கால் வரவில்லை.

"மாமா, என்ன மன்னிச்சிடுங்க. அது என் தப்புதான். உங்கள நான் தப்பா நெனச்சிட்டேன்."

கான்ட்ராக்டரின் வாய் பாதி மெல்லலில் நின்றது. அவர் தம்பியின் தோளுக்கு மேலாக மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. இடது கையைத் தூக்கி மைத்துனனின் தோளில் வைத்தார். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

"விட்றா மச்சான். தப்பு யாருதான் பண்ணல? நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். உக்காரு, சாப்பிடு."

அக்கா தட்டு வைத்துப் பரிமாறினாள். தம்பி இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவன் அப்படிப் பசித்துச் சாப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.